செப்புச் சன்னமும் இரண்டாவது மானும்

நவம்பர் 5, புதன்

மழை. காலையில் தொடங்கியது, விடவில்லை. மூன்று மணிக்கு வேலை முடிந்து நேரே கராஜ்.

சனிக்கிழமை வேட்டைக்கு இருபது தோட்டா செய்ய வேண்டும்.

– கழுவிக் காயவைத்த பித்தளைக் கோதுகள் 20. கழுத்தில் வெடிப்பு இருக்கிறதா, ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில்.
– பிறைமர், கோதின் அடியில் தீப்பொறி தரும் சின்ன மூடி.
– வெடிமருந்து. தராசு பூச்சியத்தில் நிற்கிறதா, முதலில் அது.
– சன்னம், கோதின் வாயில் இருத்தும் குண்டு.
– முழு நீளம் கலிப்பரால். இருபதும். ஒன்றுவிடாமல்.
– போன், ரேடியோ இரண்டும் நிற்பாட்டி.

சன்னங்களைக் கையில் எடுக்கும்போதே ஒரு சந்தோசம். முழுக்கச் செம்பு. ஈயத்தைவிட இலேசு, ஆகவே அதே எடைக்கு நீளம் கூட. இடுப்பில் நான்கு வளையப் பள்ளங்கள். பள்ளம் இல்லாவிட்டால் செம்பு குழலை நீளத்துக்கும் உரசிக்கொண்டு போகும். அமுக்கம் ஏறும், குழலுக்குள் செம்பு படியும். பள்ளம் இருந்தால் உரசும் இடம் குறைவு, பிதுங்கும் செம்புக்கு ஒதுங்க இடமும் உண்டு. மூக்கில் ஒரு துளை. மானில் பட்டதும் நான்கு இதழாய் விரியும். உடையாது.

டென்மார்க்கில் ஈயச் சன்னம் தடையானபோது கடையில் செப்புத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். நூறு மீற்றரில் மூன்று வெடியும் மூன்று திசை. வேட்டைக் கழகத்தில் போல் என்பவர் சிரித்தார். பன்றிப் பண்ணை வைத்திருந்து ஓய்வெடுத்தவர், எழுபத்து நான்கு வயது, நாற்பது வருடமாய் அங்கத்தவர். "செம்பு தண்ணிக் குழாய்க்குத்தான் சரி" என்றார். அன்றைக்கே முடிவெடுத்தேன். நானே செய்வேன்.

பதினெட்டு வருடமாய்த் தொழிற்சாலையில் பம்பு உறுப்புகளை நூறில் ஒரு மில்லிமீற்றருக்கு அளந்து சரி, பிழை சொல்கிறவள் நான். இதற்குப் பயப்படுவேனா? பொலிஸ் அனுமதி எடுத்தேன். ஒரு மாரிக் குளிர் முழுக்கப் படித்தேன். சன்னத்தைக் கோதுக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாக இருத்தினேன். இந்தத் துவக்குக்கு அதுதான் பிடித்தது. இப்போது மூன்று வெடியும் ஒரு தீப்பெட்டிக்குள்.

இவர், என் வீட்டுக்காரர், கராஜ் கதவைத் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றார். உள்ளே வரமாட்டார். துவக்கு இரும்பு அலுமாரிக்குள் பூட்டியிருந்தாலும் வரமாட்டார். ஊரில் சண்டைக்குள் தம்பியைப் பறிகொடுத்தவர். நான் வற்புறுத்துவதில்லை.

"தேத்தண்ணி ஆறுது."

"இன்னும் நாலு இருக்கு. வாறன்."

இருபதும் முடிந்தது. பெட்டியில் திகதி எழுதி ஒட்டினேன்.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. முதுகு நோ. புரொண்பியிலிருந்து மச்சாள் போன்.

"உம்மைப் பற்றிக் கோயில்ல கதைக்கினம் தெரியுமோ? பொம்பிளை துவக்கோடை காட்டுக்குள்ள திரியிறாவாம் எண்டு."

"கதைக்கட்டும் மச்சாள். இந்த முறையும் இறைச்சி வேணுமோ?"

போன மாரி நாலு கிலோ கொண்டுபோனவா.

"கிடைச்சால் சொல்லும்."

பால், வெங்காயம், காரின் மாரிச் சில்லுகள். மறக்கக் கூடாது.

நவம்பர் 8, சனி

3 பாகை. வடமேற்குக் காற்று. இப்போது பின்னேரம் ஐந்து மணி.

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தொன்பது பேர். கழகத் தலைவர் ஹென்னிங் பாதுகாப்பு விதி வாசித்தார். ஏறி நின்று சுடும் மரக் கோபுரங்களுக்குச் சீட்டு எடுத்தோம். எனக்கு 4ஆம் கோபுரம். போலுக்கு 5. இடது பக்கம், இருநூறு மீற்றர், இடையில் மரங்கள். ஒருவரையொருவர் தெரியாது.

10.40. போல் பக்கம் ஒரு வெடி. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அந்தப் பக்கமிருந்து இரண்டு பெட்டை மான்கள் என் வெளிக்கு வந்தன. முன்னது நின்றது. எழுபது மீற்றர், பக்கவாட்டில். பின்னால் மண் மேடு மட்டும். மற்றது இடது பக்கம் பத்து மீற்றராவது தள்ளி. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சுட்டேன். முன்னது நாற்பது அடி ஓடி விழுந்தது. முடிந்தது.

மற்றது ஊசியிலைப் பற்றைக்குள் போகும்போதுதான் கவனித்தேன். முதுகை வளைத்துக்கொண்டு போனது. வயிற்றில் பட்ட மான் அப்படித்தான் போகும். திரும்பச் சுட இடமில்லை.

இரண்டு மணிக்கு, சுட்ட மான்களையெல்லாம் ஊசியிலைக் கொப்புகளில் வரிசையாய்க் கிடத்தி, கொம்பு ஊதி முடிந்தது. ஹென்னிங் கேட்டார்: "பற்றைக்குள்ள காயப்பட்ட மான் ஒண்டு நிண்டதாம். ஆரின்ரை வெடி?"

நான் சொன்னேன், 5ஆம் கோபுரப் பக்கமிருந்து வந்தது, வரும்போதே பட்டிருக்க வேண்டும் என்று.

போல் என்னைப் பார்க்கவில்லை. மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "என்ரை வெடி பிழைச்சது. இவ ஒரு மானைச் சுட்டா, அது துளைச்சுக்கொண்டு போய்ப் பின்னால நிண்டதிலையும் பட்டிருக்கு. செம்பு அப்படித்தான். அதுவும் வீட்டிலை செய்த செம்பு."

யாரோ சிரித்தார்கள். யாரோ தலையாட்டினார்கள். பத்தொன்பது பேருக்கு முன்னால்.

"பின்னால ஒண்டும் நிக்கேல்லை" என்றேன்.

"உனக்குத் தெரியேல்லை" என்றார்.

வீடு வந்து துவக்கைத் துடைத்துப் பூட்டினேன். இவர் என் முகத்தைப் பார்த்தார். சோற்றைப் போட்டு முன்னால் வைத்தார்.

நவம்பர் 9, ஞாயிறு

பனிப்புகார். எட்டு மணிக்குக் கிர்ஸ்டன் தன் மோப்பநாயோடு வந்தா. காயப்பட்ட மிருகங்களைத் தேடிப்போகப் பதிவுசெய்த நாய்க்காரி, முன்னாள் ஆசிரியை. வயிற்றில் பட்ட மானை உடனே துரத்தக் கூடாது. இன்னும் தூரம் ஓடிவிடும். ஆகவே இரவு விட்டுவிட்டுக் காலையில் தேடுவது. சுட்டவர் கூடப் போக வேண்டும் என்பது வழமை. போல் வரவில்லை. "என்ரை இல்லை" என்றாராம். நான் போனேன். என்னுடையது என்று ஒப்புக்கொண்டு அல்ல. யாராவது போக வேண்டும்.

நாய் மூக்கைத் தூக்கவேயில்லை. ஒன்றரைக் கிலோமீற்றர். வாய்க்கால் கரையில் படுத்திருந்தது. உயிரோடு. எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தது, முடியவில்லை.

கிர்ஸ்டன் ஒரு வெடியில் கழுத்தில் முடித்தா.

இருபத்திரண்டு மணித்தியாலம். வாய்க்கால் கரையில் இருந்து கணக்குப் பார்த்தேன். கிர்ஸ்டன் தோளில் கை வைத்தா. அழவில்லை. கோபம். வெடி வைத்தவர் கோபுரத்தால் இறங்கி, பத்து நிமிடம் புல்லைப் பார்த்திருந்தால் இரத்தம் கண்டிருப்பார். அப்போதே சொல்லியிருப்பார்.

வலது பக்கம் வயிற்றில் ஒரு துளை. மறுபக்கம் துளை இல்லை. வெளியே போகவில்லை. அப்படியென்றால் சன்னம் உள்ளேதான்.

ஹென்னிங் குடலை எடுத்துவிட்டு, தோலோடு தன் குளிரறையில் தொங்கவிட்டார். "பிறகு பாப்பம்" என்றார்.

பின்னேரம் நிர்வாகக் குழுவின் மின்னஞ்சல். எல்லா அங்கத்தவருக்கும். சனிக்கிழமைச் சம்பவம் காரணமாக, வீட்டில் செய்த தோட்டாக்களுக்குக் கூட்டு வேட்டைகளில் மறு அறிவித்தல் வரை அனுமதியில்லை.

கழகத்தில் வீட்டில் தோட்டா செய்வது நான் ஒருத்திதான். என் பெயரையே போட்டிருக்கலாம்.

நவம்பர் 10, திங்கள்

வேலையில் இரண்டு அளவைப் பிழையாக எழுதித் திருத்தினேன். பதினெட்டு வருடத்தில் இப்படி நடந்ததில்லை.

என்ன என்றால், ஒரு சின்னச் சந்தேகம். ஒருவேளை? மற்ற மான் நின்ற இடம் பத்து மீற்றரா, இரண்டு மீற்றரா? எழுபது மீற்றரில் இருந்து பார்க்கும்போது?

வீட்டுக்கு வந்து மிச்சம் பத்தொன்பதையும் எடுத்தேன். முதலில் நீளம் அளந்தேன். பிறகு ஒவ்வொன்றாய்ச் சன்னத்தைக் கழற்றி, மருந்தைக் கொட்டி, திரும்ப நிறுத்தேன். இரண்டரை மணித்தியாலம். பத்தொன்பதும் சரி. ஒன்றுகூட விலகவில்லை.

தோட்டா சரி என்பதால் நான் பார்த்ததும் சரி என்று ஆகாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் மேசையில் பத்தொன்பது செப்புச் சன்னமும் வரிசையாய் நிற்கும்போது முதுகு நிமிர்ந்தது.

இவர் குசினியில்.

"விடுமப்பா. அவையின்ரை நாடு, அவையின்ரை காடு. நீர் ஏன் போய் முட்டுறீர்?"

"இருபத்தாறு வருசம் வரி கட்டிற நாடு எங்கடையும்தான்."

"நான் அதைச் சொல்லேல்லை."

"நீங்கள் அதைத்தான் சொன்னனீங்கள்."

பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினார்.

நவம்பர் 11, செவ்வாய்

ஆரணி ஓகூஸிலிருந்து போன். மகள். படிக்கிறாள். இறைச்சி தொடமாட்டாள். நான் வேட்டைக்குப் போவது அறவே பிடிக்காது. முழுக்க டெனிஷில்தான் கதைப்பாள், நான் தமிழில்.

நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அம்மா, நீங்கள் மானைச் சுடுறது எனக்குப் பிடிக்கேல்லை, அது வேறை. ஆனால் நீங்கள் பாக்காமல் சுட்டீங்கள் எண்டு ஆரும் சொன்னால் அது பொய். நீங்கள் உப்புப் போடுறதையே ரெண்டு தரம் பாக்கிற ஆள்" என்று டெனிஷில் சொன்னாள். "அந்த மானை வெட்டிப் பாக்கச் சொல்லுங்கோ."

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு ஹென்னிங்குக்கு எழுதினேன். நான்கே வரி. சன்னத்தைத் தேட விரும்புகிறேன், கிர்ஸ்டன் சாட்சியாக வருவா, எப்போது வரலாம்.

பதில்: அவசியமா?

என் பதில்: ஓம்.

நவம்பர் 13, வியாழன்

வெயில். கண் கூசும் வெயில், சூடில்லை. அரைநாள் லீவு.

குளிரறை. ஹென்னிங், கிர்ஸ்டன், நான். ஹென்னிங் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நான் சட்டைக் கையை மடித்தேன். தோலை உரித்தது நான்தான். கிர்ஸ்டன் ஒவ்வொரு படியும் படம் எடுத்தா.

துளையிலிருந்து பாதை முன்னால் போகிறது. வயிறு, விலா, இடது தோள். வழி நெடுகச் சின்னச் சின்னத் துண்டுகள். இடது தோளில், தோலுக்கு அடியில், விரலுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது.

கத்தி நுனியால் எடுத்தேன். நசிந்த காளான் மாதிரி. வெளியே மெல்லிய செப்பு உறை, கிழிந்து. உள்ளே சாம்பல் நிறம். நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. கிர்ஸ்டன் தன் கொப்பியில் அதைத் தேய்த்தா. பென்சில் மாதிரிக் கறுப்புக் கோடு.

ஈயம்.

என் சன்னம் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். அதையும் பக்கத்தில் தேய்த்தேன். கோடு இல்லை.

ஹென்னிங் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"போல் பழைய ஈயத் தோட்டாப் பெட்டி ஒண்டு வைச்சிருந்தவர். எனக்குத் தெரியும்."

தெரியும்! தெரிந்துகொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை அந்த மின்னஞ்சல்.

காரில் ஏறி, கதவைச் சாத்தி, தமிழில் நல்ல நாலு வார்த்தை சொன்னேன். இங்கே எழுத மாட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

விரதம். மரக்கறி, பருப்பு, அப்பளம்.

ஹென்னிங் போன் எடுத்தார். குரல் நல்ல மெத்தென்று.

"இதை எங்களுக்குள்ள வைச்சுக்கொள்ளுவம். வெளியிலை போனால் போலின்ரை அனுமதி பறிபோகும். வயசான ஆள். வேட்டையை விட்டால் அவருக்கு வேறை ஒண்டுமில்லை. உம்மடை தோட்டாத் தடையை நான் மெதுவா எடுத்துவிடுறன். ஆரும் கவனிக்காயினம்."

"நான் பொலிசுக்குப் போறதெண்டு சொல்லேல்லை."

"அப்ப சரி."

"சரியில்லை. அவர் என்னைச் சொன்னது எல்லாருக்கும் முன்னால. சரியெண்டு சொல்லுறதும் எல்லாருக்கும் முன்னால. வியாழக்கிழமைக் கூட்டத்திலை."

"யசோ, நாங்கள் எல்லாரும் நண்பர்கள்தானே."

"நண்பர்தான். அதாலைதான் முதல்லை உங்களுக்குச் சொல்லுறன்."

வைத்த பிறகு யோசித்தேன். கூடுதலாய்ச் சொல்லிவிட்டேனா? இல்லை. இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 18, செவ்வாய்

பல் வைத்தியர் 10.15. ஒன்றும் இல்லை.

கூட்டத்தில் சொல்ல வேண்டியதை டெனிஷில் எழுதிப் பார்த்தேன். மூன்று பக்கம் வந்தது. வெட்டி ஒரு பக்கம். பிறகு அதையும் வெட்டினேன். நீளமாய்ச் சொன்னால் கெஞ்சுவது மாதிரி இருக்கும்.

இவர் பின்னால் நின்று வாசித்தார். ஒரு சொல்லில் எழுத்துப் பிழை காட்டினார். அவ்வளவுதான்.

நவம்பர் 20, வியாழன்

ஆலங்கட்டி மழை. கூட்டம் ஏழு மணிக்கு, ஊர் மண்டபத்தில்.

இவர் தானே கார் ஓட்டுவதாகச் சொன்னார். காருக்குள் இருப்பார் என்று நினைத்தேன். எப்போதும் அப்படித்தான், கழகப் படியை மிதித்ததில்லை. நான் இறங்கினேன். அவரும் இறங்கினார். கோட்டுப் பொத்தானை மேலே வரைக்கும் பூட்டினார்.

"வாரும்" என்றார்.

கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தார். சுவர் முழுக்கக் கொம்புகள், துவக்குப் படங்கள். ஒன்றையும் பார்க்காமல் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு சொன்னார்.

பதினேழு பேர். கோப்பி, கேக். போலும் இருந்தார், முன்வரிசையில். ஐந்தாவது விடயம்: பாதுகாப்பு. ஹென்னிங் மெதுவாய்த் தொண்டையைச் செருமினார், தடையைப் "பரிசீலிப்பது" பற்றி ஏதோ தொடங்கினார். எழும்பினேன்.

"எட்டாம் திகதி நான் சுட்ட சன்னம் ரெண்டு மானிலை பட்டதெண்டு உங்களுக்கு முன்னால சொன்னவை. ரெண்டாவது மானுக்குள்ள இருந்த சன்னம் இது. ஈயம். நான் ஈயம் சுடுறேல்லை. எடுத்தது நான், பக்கத்திலை நிண்டது கிர்ஸ்டனும் தலைவரும். படமும் இருக்கு. தடையை எடுக்க வேணும், ஏன் எடுத்ததெண்டு அறிக்கையிலை எழுத வேணும்."

உறைக்குள் வைத்திருந்ததை மேசையில் வைத்தேன். கிர்ஸ்டன் எழும்பி "ஓம், அப்படியே" என்றா.

பின்னாலிருந்து ஒருவர், தாடிக்காரர், பெயர் எழுதவில்லை: "உனக்கென்ன, நீ வந்த நாட்டிலை சுட்டுப் பழகியிருப்பாய். எங்களுக்குப் பாடம் எடுக்கிறாய்."

கடைசி வரிசையில் கதிரை தரையில் உராய்ந்த சத்தம். இவர். நான் திரும்பவில்லை.

"இல்லை" என்றேன். "அங்கை நான் பழகினது விழுந்து படுக்கத்தான். கட்டிலுக்குக் கீழை, வாய்க்காலுக்குள்ளை. சுடப் பழகினது இங்கை, கோல்டிங்கிலை, நாப்பத்து நாலு வயசிலை, பண்ணைப் பிள்ளையள் ஆறு பேரோடை ஒரே வகுப்பிலை. அங்கை எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் விதி, சுட்டால் இறங்கிப் போய்ப் பார். பட்டதோ இல்லையோ, போய்ப் பார். அந்த மான் இருபத்திரண்டு மணித்தியாலம் உயிரோடை கிடந்தது."

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

ஹென்னிங் "சரி, கை குடுத்து முடிப்பம்" என்றார். போல் எழும்பி வந்தார், கையை நீட்டினார்.

நான் கையைக் கொடுக்கவில்லை.

"முதல்லை சொல்லுங்கோ."

நீட்டிய கை கொஞ்சம் இறங்கியது. பெரிய, வெடித்த கை.

"என்ரை வெடிதான்" என்றார். "ஒரு பெட்டி மிச்சமிருந்தது. இறங்கிப் பாக்கேல்லை. முழங்கால் நோ. நான்... பாத்திருக்க வேணும்."

அப்போதுதான் கொடுத்தேன்.

வாக்கெடுப்பு: தடையை நீக்க 11. எதிர் 2. மிச்சப் பேர் கேக் சாப்பிட்டார்கள். அறிக்கையில் எழுதினார்கள், நான் பக்கத்தில் நின்று வாசித்துப் பார்த்த பிறகு.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். சந்தியில் சிவப்பு விளக்கு.

"அந்தத் தாடிக்காரனுக்கு நான் எழும்பி அடிச்சிருப்பன்."

"கதிரைச் சத்தம் கேட்டது."

சிரித்தார். நானும். விளக்கு பச்சையாகி, பின்னால் வந்தவர் ஹோர்ன் அடிக்கும் வரைக்கும்.

நவம்பர் 23, ஞாயிறு

திரும்ப இருபது தோட்டா. கழற்றிய அதே சன்னங்கள், கீறல் விழாதவை மட்டும். ஒன்றை ஒதுக்கினேன், புதிதாய் இரண்டு.

கிர்ஸ்டனின் செய்தி: போல் ஈயப் பெட்டியைப் பொலிசில் கொண்டுபோய்த் தானே கொடுத்துவிட்டாராம். என்ன ஆகும் என்று தெரியாது. பாவம் என்று நினைக்கப் பார்த்தேன். கொஞ்சம் வந்தது. மான் ஞாபகம் வந்ததும் போய்விட்டது.

மச்சாள் மூன்று கிலோ கேட்டிருக்கிறா. கோயிலில் இப்போது என்ன கதைக்கினம் என்று கேட்கவில்லை.

நவம்பர் 29, சனி

முதல் பனி. –2. காற்றே இல்லை.

பதினாலு பேர். போல் வரவில்லை. தாடிக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். நானும் தலையை மட்டும். சீட்டு: 7ஆம் கோபுரம், ஆற்றுப் பக்கம்.

இரண்டு மணித்தியாலம் ஒன்றுமில்லை. கால் விறைத்துப்போனது. 11.15க்கு ஒரு பெட்டை மான். அறுபது மீற்றர், அசையாமல், பக்கவாட்டில். இதைவிட நல்லாய் ஒன்று நிற்காது. துவக்கை எடுத்து, பாதுகாப்புப் பூட்டைத் தள்ளி, குறிக்கண்ணாடிக்குள் மானின் தோளைப் பிடித்தேன்.

பன்னச் செடிகளுக்குள் அதற்கு நேர் பின்னால் இன்னொரு மானின் காது.

காத்திருந்தேன். விலகும் என்று. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். இரண்டும் விலகவில்லை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாய் ஆற்றுக்குள் இறங்கி அந்தக் கரைக்குப் போய்விட்டன. பூட்டைத் திரும்பப் போட்டேன்.

கடைசியில் எல்லாரும் கூடியபோது ஹென்னிங் கேட்டார்: "உமக்கு முன்னால மான் கனநேரம் நிண்டதாம். ஏன் சுடேல்லை?"

"பின்னால ஒண்டு நிண்டது" என்றேன். பதின்மூன்று பேருக்கும் கேட்கும்படி.